ஆறாத புண்ணுக்கு வெட்டிய வாய்க்கால்

அம்பாறைக் கரையோரத்தில், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், திருக்கோவிலை அடுத்துள்ள வினாயகபுரத்திலே, கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாக அமைந்த ஒரு வளவில், என் பிள்ளைப் பிராயம் முதல் நான் அறிந்திருந்த மூதாட்டி ஒருவர், தாம் உண்ணும் உணவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு வந்ததை எங்களில் எவரும் கவனித்தோமில்லை. முதலில் இறைச்சியை ஒதுக்கினார். பல் போய்விட்டதனால் என்று நினைத்துக்கொண்டோம். பிறகு சோற்றில் குழம்பை நிறைய விட்டுக் குழைத்து, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அதன் பின் கஞ்சி. கஞ்சிக்குப் பின் இளநீர். "சோறு நெஞ்சுக்குள்ள நிக்குது மனே, தண்ணி மட்டுந்தான் இறங்குது" என்று அவர் வாய் திறந்து சொன்ன நாளில், உள்ளே நிகழ்ந்துகொண்டிருந்த காரியம் தொடங்கி நெடுங்காலம் ஆகியிருந்தது. அந்த நெடுங்காலத்தில் அவருடைய சரீரத்துக்குள் நிகழ்ந்தது யாது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

உணவுக்குழாயை எங்கள் பாடநூல்கள் களம் என்று வழங்குகின்றன. எங்கள் மக்களோ நெஞ்சு என்றும் தொண்டைக்குழி என்றுமே சொல்வார்கள். அவ்வாறே, உடலின் இரசாயனக் காரியங்களைத் துரிதப்படுத்தும் புரதங்களை இலங்கையில் நொதியம் என்றும் தமிழகத்தில் நொதி என்றும் எழுதுகிறோம். மாவும் கள்ளும் நொதித்துப் பொங்குவதை ஆராயப் புகுந்த வழியிலும் மேனாட்டார் இப்பொருள்களைப் பற்றி அறிந்தார்களாதலால் அது மிகப் பொருத்தமான பெயர். வினாயகபுரத்துக்கு வடக்கே, கல்முனையை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்ல முடியும் என்று அம்மகான் கொண்டிருந்த நம்பிக்கை இக்கரையோரத்து மண்ணில் முளைத்தது என்பதை எண்ணும்போதெல்லாம், கடினமான சொற்களைக் கண்டு பின்வாங்கலாகாது என்ற தைரியம் எனக்கு உண்டாகிறது.

வளர்ந்த மனிதரின் களம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ளது. அதன் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது செதிள்களைப் போன்ற கலங்கள் பல அடுக்காக அமைந்த மேலணி; சூடும் உறைப்பும் கரடும் முரடுமாக நாம் விழுங்குவதையெல்லாம் முதலில் தாங்கிக்கொள்வது அதுவே. இந்த மேலணிக்குள் குருதிக்கலன் ஒன்றேனும் இல்லை. அதன் அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறு முனைப்புகள் எழுகின்றன. ஒவ்வொரு முனைப்புக்குள்ளும் மயிரினும் மெல்லிய ஒரு குருதிக் கண்ணி ஏறி, வளைந்து, இறங்கிப் போகின்றது. அக்கண்ணியிலிருந்து கசியும் சத்தையும் ஒட்சிசனையும் கொண்டே மேலணி உயிர் வாழ்கின்றது. இந்தக் கண்ணிகளை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இறுதியில் மீண்டும் அவற்றிடம் வருவோம். குடலையும் இரைப்பையையும் வெளிப்புறத்தே மூடியிருக்கும் வழுவழுப்பான உறை களத்தின் பெரும்பகுதிக்கு இல்லை. ஆதலால் உள்ளே தோன்றும் தீங்கு சுவரைக் கடந்து, அருகே செல்லும் சுவாசக் குழாயையும் பெருநாடியையும் சென்று தொடுவதற்கு அதிக தூரம் போகவேண்டியதில்லை.

மேனாடுகளிலே, இரைப்பையின் அமிலம் மேலே ஏறி ஏறிக் களத்தின் கீழ்முனையைக் கெடுப்பதனால் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய் பெருகிவருகின்றது. எங்கள் தேசத்திலும் தமிழகத்திலும் பெரும்பாலும் காணப்படுவது செதிள் மேலணியிலேயே பிறக்கும் மற்றொரு வகை. இதன் மூலகாரணத்தைத் தேடியவர்கள் நெடுந்தூரம் செல்லவில்லை. 1970இல், இலங்கை வைத்தியர்களான எஸ். ஜே. ஸ்டீபனும் சி. ஜி. உரகொடவும் பிரித்தானியப் புற்றுநோய்ச் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இலங்கையின் களப் புற்றுநோயாளரைப் பற்றிக் கூறுமிடத்து வெற்றிலை போடும் வழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவைத் தலைப்பிலேயே வைத்துப் பேசிற்று. உலக சுகாதார தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985இலும், புகையிலை இல்லாவிடினும் பாக்குத் தானே தீங்கு செய்யும் என்பதை 2004இலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் திடமாகச் சேர்த்தது. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் களத்துக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்று அதே முகவரகம் 2016இல் கூறிற்று. மதுவும் புகைத்தலும் இந்நோய்க்குக் காரணங்கள் என்பது முன்னரே தெரிந்தது.

வந்தவர் எவராயினும், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உள்ள முஸ்லிம் வீடாயினும் வினாயகபுரத்துத் தமிழ் வீடாயினும், முதலில் முன்வைக்கப்படும் வெற்றிலை வட்டாவை இவ்விதம் குற்றவாளியாக்கி எழுதுவது எனக்கு வருத்தமே. மதிப்பும் அன்பும் அந்தத் தட்டில்தான் இருந்தன. அம்மூதாட்டி, பல் போன பின்னும் வெற்றிலையை விடமாட்டாமல், சிறிய இரும்பு உரலில் பாக்கையும் வெற்றிலையையும் சுண்ணாம்பையும் புகையிலையையும் சேர்த்து இடித்து வாயில் ஒதுக்கிக்கொள்வார். அதன் சாறு நாள் முழுதும் தொண்டை வழியே இறங்கிக்கொண்டிருக்கும். இடையிடையே, வாய் பொறுக்காத சூட்டில் பிளேன்ரீயும் இறங்கும். ஐம்பது ஆண்டுகள் இப்படி நடந்தன.

ஒரு மேலணி காயப்படும்போது உடல் செய்யும் முதற்காரியம் அதனை ஆற்ற முயல்வது. காயப்பட்ட கலங்களின் மென்சவ்விலிருந்து அரகிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு விடுவிக்கப்படுகின்றது. சைக்ளோஒட்சிசனேஸ் என்ற நொதியம் அதனைப் பற்றி, ஒட்சிசனைச் சேர்த்து, புரொஸ்டகிளாண்டின் எனப்படும் பொருள்களாக மாற்றுவதற்கு வழிசெய்கின்றது. 1935இல் சுவீடன் தேசத்து வொன் ஒய்லர் இப்பொருளை விந்துத் திரவத்தில் கண்டு, புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி அப்பெயரை இட்டார். பின்னர் அது உடலின் பெரும்பாலான இழையங்களிலும் உண்டாவதாகத் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வலி, வீக்கம், செம்மை, காய்ச்சல் ஆகியவற்றிலெல்லாம் இதற்குப் பங்குண்டு. நாம் கடையில் வாங்கிக் கரைத்துக் குடிக்கும் அஸ்பிரின் இந்த நொதியத்தை முடக்குவதனாலேயே வலியைத் தணிக்கின்றது என்பதை 1971இல் லண்டனில் ஜோன் வேன் நிரூபித்தார். அதற்காக 1982இல் நோபல் பரிசின் ஒரு பங்கு அவரைச் சேர்ந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1991 அளவில், இந்நொதியம் ஒன்றன்று, இரண்டு என்று தெரியவந்தது. முதலாவது, வீட்டில் எப்போதும் இருக்கும் வேலையாளைப் போல, இரைப்பையைக் காப்பது முதலான அன்றாடக் காரியங்களைச் செய்துகொண்டிருப்பது. இரண்டாவதாகிய சைக்ளோஒட்சிசனேஸ்-2, சுருக்கமாகக் கொக்ஸ்-2, பெரும்பாலான இழையங்களில் சாதாரண காலத்தில் காணப்படாமல், காயமோ, அழற்சி எனப்படும் தாபிதமோ ஏற்பட்டபோது மட்டும் அழைக்கப்பட்டு வந்து, வேலை முடிந்ததும் போய்விடுவது. ஒரு பரம்பரையலகு விழித்தெழுந்து, தன்னிடம் எழுதப்பட்டுள்ள புரதத்தைக் கலம் தயாரிக்கும்படி செய்வதையே விஞ்ஞானிகள் வெளிப்பாடு என்று குறிப்பிடுகின்றனர். கொக்ஸ்-2 வெளிப்பட வேண்டிய வேளையில் வெளிப்பட்டு, மறைய வேண்டிய வேளையில் மறைந்தால் புண் ஆறும். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் மீண்டும் காயம் படுமாயின், அழைக்கப்பட்டவர் திரும்பிப் போகும் நாள் வருவதே இல்லை.

இவ்வாறு திரும்பிப் போகாத கொக்ஸ்-2 புற்றுக்குத் துணைபோகின்றது என்ற ஊகத்துக்கு ஆதாரங்கள் விரைவிலேயே கிடைத்தன. 1999இல் ஜெர்மனியிலே, 172 செதிள்வகைக் களப் புற்றுக்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 156இல் புற்றுக்கலங்களுக்குள்ளேயே கொக்ஸ்-2 இருக்கக் கண்டார்கள். பத்தில் ஒன்பது பங்கு என்பது தற்செயலாகாது. 2000ஆம் ஆண்டில் தைவானிலே, எங்களைப் போலவே பாக்கு மெல்லும் மக்கள் நடுவில் பணிபுரிந்த ஆராய்ச்சியாளர், பாக்கின் சாற்றை மனித வாயின் மேலணிக் கலங்கள் மீது இட்டபோது, அக்கலங்கள் கொக்ஸ்-2ஐ அதிகமாக உண்டாக்கிப் புரொஸ்டகிளாண்டினையும் பெருக்கின என்று காட்டினார்கள். அந்த மூதாட்டியின் சிறிய உரலுக்கும் ஜெர்மனியின் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே தொடர்பு இருந்தமை இவ்வாறு புலப்பட்டது.

இனிக் குருதிக்கலன்களின் கதை. சாகாமக் குளத்துத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் எங்கள் வயற்காரருக்கு இதனைச் சொல்லி விளக்குவது எளிது. வாய்க்காலுக்கு எட்டாத மேட்டு நிலத்தில் ஒருவர் எவ்வளவு விதைத்தாலும், பயிர் ஒரு சாண் எழுந்து நின்றுவிடும். வாய்க்கால் ஒன்று வந்து சேர்ந்த நாளில் அது மளமளவென்று வளரும். இதே உண்மையைப் புற்றுநோயில் கண்டவர் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன். குருதிக்கலன்கள் புதிதாக வந்து சேராவிடின் ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளரமாட்டாது என்றும், கட்டி தானே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அக்கலன்களைத் தன்னிடம் வரவழைக்கிறது என்றும் அவர் 1971இல் எழுதினார். குருதிக்கலன் அறவே இல்லாத முயலின் கண்விழிப் படலத்தில் ஒரு சிறு கட்டித்துண்டை வைத்து, விழியின் விளிம்பிலிருந்து மெல்லிய செந்நிறக் கலன்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக அதனை நோக்கி நீண்டு வந்ததை அவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். பலர் அவரை நம்பவில்லை. ஒரு மனிதர் தாம் கண்ணாரக் கண்டதைப் பத்தாண்டுக்கு மேலாகப் பிறர் ஏற்காதிருக்கவும் பொறுமையோடு தொடர்ந்து ஆராய்ந்தமையை, விஞ்ஞான சரித்திரத்தின் உயர்ந்த காட்சிகளுள் ஒன்றாக நான் மதிக்கின்றேன்.

அவர் தேடிய பொருள்களுள் தலையாயது பின்னர் இரண்டு வழிகளில் வெளிப்பட்டது. 1983இல் ஹரோல்ட் ட்வோராக்கின் ஆராய்ச்சிச்சாலை, குருதிக்கலன்களைக் கசியச் செய்யும் புரதம் ஒன்றைக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. 1989இல் நப்போலியோனே ஃபெராரா, குருதிக்கலன்களின் அகவணிக் கலங்களை வளரச் செய்யும் புரதம் ஒன்றைக் கண்டார். இரண்டும் ஒன்றே என்று தெளிந்தது. கசியச் செய்வதும் வளரச் செய்வதும் அதே கரமே. ஒட்சிசன் குருதிக்கலனிலிருந்து மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு தூரம்தான் ஊடுருவிச் செல்லவல்லது. அதற்கப்பால் நெருங்கி நிற்கும் கலங்கள் மூச்சுத் திணறும்போது, அவற்றின் உள்ளே ஒட்சிசன் குறைவை உணரும் ஒரு காரணி விழித்து, இந்த வளர்ச்சிப் புரதத்தைத் தயாரிக்கும்படி ஆணையிடுகின்றது. அவ்வுணர்வின் இரகசியத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொக்ஸ்-2 இங்கேதான் இந்தக் கதைக்குள் வந்து சேருகின்றது. அது உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின், கலத்தின் வெளிப்புறத்தேயுள்ள வாங்கிகளைத் தட்டி, ஒட்சிசன் குறையாத வேளையிலும் வளர்ச்சிப் புரதம் பெருகுமாறு செய்யவல்லது. காயம் ஆறுவதற்குக் குருதி வேண்டும், குருதி வருவதற்குக் கலன் வேண்டும், கலன் வருவதற்கு அழைப்பு வேண்டும் என்ற இயற்கையின் நல்ல ஏற்பாடே இது. ஒரு புண்ணின் விளிம்பில் நாம் காணும் சிவந்த, தொட்டால் குருதி கசியும் இளந்தசையை உண்டாக்குவதும் இந்த ஏற்பாடுதான். புற்று புதிதாக எதனையும் உண்டாக்கவில்லை. உடலிடம் இருந்த வாய்க்கால் வெட்டும் கருவியை எடுத்துத் தன் வயலுக்கு வெட்டிக்கொண்டது. ட்வோராக் 1986இல் எழுதிய ஒரு கட்டுரைக்கு, கட்டிகளென்பன ஆறாத புண்களே என்ற கருத்தில் தலைப்பிட்டார். நாள்பட்ட எரிச்சல் உள்ள இடங்களில் புற்று எழுவதைக் குறித்து ஜெர்மனியின் விர்ஷோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிந்தித்திருந்தாராயினும், அச்சிந்தனைக்கு நொதியமும் புரதமும் கொடுத்து அதனை உயிர்ப்பித்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதியே.

கட்டிக்குள் எத்தனை கலன்கள் உள்ளன என்று எண்ணும் முறையும் வந்தது. அகவணிக் கலங்களில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியை இட்டு அவற்றைப் பழுப்பு நிறமாக்கி, கலன்கள் மிகவும் செறிந்த பகுதியைத் தேடி, அங்கே ஒரு குறித்த பரப்புக்குள் எத்தனை என்று ஆராய்ச்சியாளர் எண்ணுகின்றனர். கொக்ஸ்-2 மிகுந்த களப் புற்றுக்களில் வளர்ச்சிப் புரதமும் கலன்களின் செறிவும் மிகுந்து காணப்பட்டமையைப் பல குழுவினர் அறிவித்துள்ளனர். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மழை பெய்யும்போது தவளையும் கத்துகிறது, குடையும் விரிகிறது. தவளையின் குரலே குடையை விரித்தது என்று எவரும் சொல்வதில்லை. இரண்டு பொருள்கள் ஒரே தகட்டில் கூடியிருப்பது கொண்டு ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டலாகாது. ஒன்றைத் தடுத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

தடுத்தும் பார்த்தார்கள். விளைவு எதிர்பார்த்ததைப் போல அமையவில்லை. களப் புற்றுநோய் மிகுந்த சீனாவின் லின்சியான் பிரதேசத்தில், மேலணியில் புற்றுக்கு முந்திய மாற்றம் கொண்டவர்களுக்குக் கொக்ஸ்-2ஐ மட்டும் முடக்கும் செலிகொக்சிப் என்னும் மருந்தைப் பத்து மாதம் கொடுத்தனர். 2005இல் வெளியான முடிவின்படி அம்மாற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரொஃபிகொக்சிப், மாரடைப்பை அதிகரிப்பதாகக் கண்டறியப்பட்டு, 2004இல் விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. நன்மை செய்யவும் பிறந்த நொதியத்தை முற்றாக முடக்கினால், அது காத்துக்கொண்டிருந்த மற்ற இடங்கள் துன்புறுகின்றன என்பதை எவ்வளவு விலை கொடுத்து நாம் கற்றோம்! வளர்ச்சிப் புரதத்தைப் பிடித்துவைக்கும் பெவசிசுமாப், குடற்புற்றுக்கு 2004இல் அங்கீகாரம் பெற்றது; அப்புரதத்தின் வாங்கியை அடைக்கும் ராமுசிருமாப், இரைப்பையிலும் அதுவும் களமும் கூடும் இடத்திலும் தோன்றும் முற்றிய புற்றுக்கு 2014இல் அங்கீகாரம் பெற்றது. அவற்றால் கூடும் ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்கினது. கான்பூரில் பொறியியல் கற்று அமெரிக்கா சென்ற ராகேஷ் ஜெயின் இதற்கு ஓர் ஆழ்ந்த விளக்கம் தந்தார்: கட்டியின் கலன்கள் அவசரத்தில் வெட்டிய வாய்க்கால்களைப் போலக் கோணியும் உடைந்தும் கசிந்தும் கிடப்பதால், குருதி சீராக ஓடுவதில்லை, மருந்தும் உள்ளே சேர்வதில்லை, ஆகவே அவற்றை அழிப்பதைக் காட்டிலும் சில காலம் சீர்ப்படுத்தி, அவற்றின் வழியே மருந்தை அனுப்புவதே விவேகம் என்பது அவருடைய கருத்து. வரம்பு உடைந்த வாய்க்காலைக் கண்ட, வயல்களுக்கு நீர் பங்கிடும் எந்த வட்டவிதானையும் இதனை உடனே ஒப்புக்கொள்வார்.

இன்னொரு நொதியமும் இங்கே பேசப்படத்தக்கது. குருதிச் சிறுதட்டுக்களிலிருந்து பிரிக்கப்பட்டு, குருதிக்கலன்களை வளர்க்கும் காரணி என்று பெயர் பெற்றிருந்த ஒரு புரதம், 1992இல், வேறொரு துறையார் நெடுங்காலமாக அறிந்திருந்த தைமிடீன் பொஸ்பரிலேஸ் என்ற நொதியமே என்று தெரியவந்தது. களம் உட்படப் பல உறுப்புகளின் புற்றுக்களில் இது மிகுந்து காணப்படுகின்றது. வாயால் விழுங்கும் கெப்பசிடபீன் என்ற மருந்து, நஞ்சாக மாறுவதற்கு உரிய கடைசிப் படியை இந்த நொதியத்தின் கையாலேயே கடக்கின்றது. ஆதலால் நொதியம் மிகுந்த கட்டிக்குள் நஞ்சு மிகுதியாக உண்டாகின்றது. கட்டி தனக்காக வெட்டிய வாய்க்கால், அதற்கே எதிரான தண்ணீரைக் கொண்டுவரலாம் என்ற இந்த ஒரு செய்தியை நான் வாசித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

எனினும் என் மனத்தை மிகவும் பற்றிக்கொண்டது மருந்தன்று. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன அந்தக் குருதிக் கண்ணிகள். ஜப்பானிய வைத்தியர் ஹருஹிரோ இனோவே, களத்துக்குள் இறக்கும் அகநோக்குக் குழாயின் முனையில் உருப்பெருக்கும் வில்லையைப் பொருத்திப் பார்த்து, மேலணியின் கீழ்க் கண்ணிகள் நோய் தொடங்கும் பருவத்திலேயே உருமாறுவதை வகுத்துரைத்தார். நேர்த்தியாக ஏறி இறங்கிய கண்ணி விரிகின்றது, நெளிகின்றது, தடிப்பு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் போகின்றது, பக்கத்துக் கண்ணியோடு ஒவ்வாத உருவங்கொள்கின்றது, நோய் ஆழ இறங்க இறங்கக் கண்ணி என்ற உருவமே அழிந்து, தடித்த கலன்கள் தாறுமாறாக ஓடுகின்றன. அக்கலன்களின் கோலத்தைக் கொண்டே, புற்று எத்தனை ஆழம் இறங்கியுள்ளது என்பதைக் கத்தி வைக்காமல் மதிப்பிடுகின்றனர். மேலணியோடு நிற்கும் பருவத்தில் அதனை அந்தக் குழாயின் வழியாகவே சீவி எடுத்துவிட முடியும். உருப்பெருக்கும் வில்லை இல்லாத இடத்தில் அயடீன் கரைசலைத் தெளிப்பதும் பழைய, மலிவான முறை: சுகமான மேலணியில் கிளைக்கோஜன் நிறைந்திருப்பதால் அது பழுப்பேறும், கெட்ட இடம் நிறமேறாமல் வெளிறி நிற்கும். உணவு தடைப்படுவதோ, களத்தின் உள்வழி ஏறத்தாழ 13 மில்லிமீற்றருக்குக் குறுகிய பின்னரே பெரும்பாலும் உணரப்படுகின்றது. இறைச்சியை ஒதுக்கிய மாதத்தில் அந்த மூதாட்டி அவ்வெல்லையை ஏற்கெனவே கடந்திருந்தார். அவருக்குக் குழாய் இறக்கப்பட்டபோது அது பாதி வழியில் நின்றுவிட்டது.

அவருடைய மகளும் பன்னிரண்டு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவர். தாயின் ஆண்டுத் திவசம் முடிந்த பின், நெஞ்சில் எரிவு என்று அவர் ஒருநாள் சொல்லக் கேட்டு, நாங்கள் அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். அகநோக்கு அறையில் வைத்தியர் அயடீன் தெளித்ததும் திரையில் களம் முழுவதும் தேக்கு மரத்தின் நிறங்கொண்டது. ஓரிடத்தில் மட்டும், விரல் நகமளவு வெளிறிய பரப்பு. வைத்தியர் குழாயை அதனருகே நிறுத்தி, ஒன்றும் பேசாமல், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு சிறு இடுக்கியை இறக்கி மூன்று துணுக்குகள் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது: மேலணியின் கீழ்ப்பகுதிக் கலங்களில் மட்டும் இலேசான மாற்றம், புற்று இல்லை, ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். அவர் அறிக்கையை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் தாயின் அந்தச் சிறிய உரலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே எடுத்து வைத்தார்.